இயற்கைச் சாயம் என்று வாங்கிய அச்சுத் துணி: ஒன்று நீலம் கக்குகிறது, மற்றது வெளிறுகிறது

மாவிட்டபுரத்தாள்:

நல்லூர்த் திருவிழாக் காலத்தில் ஒரு கடையில் இரண்டு பருத்தித் துணி வாங்கினேன். இரண்டும் இந்தியாவிலிருந்து வந்தவை, அச்சுக்கட்டையால் கையால் ஒற்றியவை, இயற்கைச் சாயம் என்று சொல்லித்தான் தந்தார்கள். முதலாவது கடுநீலத் தரையில் சிவப்பு, கறுப்பு, வெள்ளைக் கோட்டோடு நட்சத்திரக் கோலம். அஜ்ரக் என்றார்கள். இரண்டாவது மஞ்சள் தரையில் பச்சைக் கொடி. கலம்காரியாம்.

தைக்கக் கொடுக்க முன் தண்ணீரில் ஊறப்போட்டேன். அஜ்ரக்கிலிருந்து நீலம் வந்தது, வாளித் தண்ணீர் முழுக்க நீலம். சிவப்பு துளியும் வரவில்லை. மஞ்சள் துணியில் வேறு கூத்து. சவர்க்காரம் பட்ட இடம் செங்காவி நிறமாக மாறிவிட்டது. அலம்பிய பிறகு பெரும்பாலும் திரும்பி மஞ்சளானது. பிறகு அதை யன்னலோரம் மடித்து வைத்திருந்தேன், வெய்யில் பட்ட மடிப்பு மட்டும் வெளிறிவிட்டது.

கடைக்காரரிடம் கேட்டால், "இயற்கைச் சாயம் என்றால் போகத்தானே செய்யும் தங்கச்சி" என்கிறார். இது உண்மையா? உண்மையென்றால் இவ்வளவு விலை கொடுத்து ஏன் வாங்க வேண்டும்? விபரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள். கையச்சா மெசின் அச்சா என்று கண்டுபிடிக்க வழி இருந்தால் அதையும் சொல்லுங்கள்.

சும்மா_வந்தவன்:

உப்பும் வினாகிரியும் போட்டு ஒரு இரவு ஊறவையுங்கள் அக்கா. சாயம் நின்றுவிடும். எங்கள் வீட்டில் எல்லாத் துணிக்கும் அதுதான்.

தறிக்குழி:

கடை எது என்று சொன்னால் மற்றவர்களும் தப்பலாமே.

மட்டுறுத்துநர்:

கடைப் பெயர் வேண்டாம். துணியைப் பற்றிக் கதையுங்கள்.

பரிசோதனைக்குழாய்:

இரசாயனவியல் படிப்பித்து ஓய்வு பெற்றவன். சாயத்தில் எனக்குப் பழைய பைத்தியம். தங்கச்சியின் கேள்விக்குள் மூன்று கேள்வி இருக்கிறது, தனித்தனியாகப் பார்ப்போம்.

முதலில் மஞ்சள் துணி. அது மஞ்சள்தான், கறிக்குப் போடும் மஞ்சள். சவர்க்காரம் பட்டதும் சிவந்தது என்று எழுதியிருக்கிறீர்களே, அதுவே போதும். குர்குமின் காரம் பட்டால் சிவக்கும், புளி பட்டால் மறுபடி மஞ்சளாகும். வெள்ளைச் சேட்டில் கறி ஊற்றிக்கொண்டு சவர்க்காரம் போட்ட எவருக்கும் இது தெரியும். இன்னும் சந்தேகம் என்றால் செங்காவி நின்ற இடத்தில் ஒரு சொட்டுத் தேசிக்காய்ச் சாறு விட்டுப் பாருங்கள். மஞ்சள் பருத்தியில் சுகமாக ஏறும், வெய்யிலில் அதைவிடச் சுகமாக இறங்கும். படிகாரம் போட்டாலும் பெரிதாக உதவாது. பழைய சாயக்காரர்களுக்கும் இது தெரிந்த விசயம்தான். மஞ்சளைத் தனியே நம்பாமல் மாதுளம் தோல், கடுக்காய்ப் பூ போன்றவற்றையே மஞ்சளுக்கு எடுத்தார்கள். பச்சை வேண்டுமென்றால் நீலத்தின் மேல் அந்த மஞ்சளை ஏற்றினார்கள். உங்கள் துணியின் பச்சைக் கொடி கொஞ்சக் காலத்தில் நீலக் கொடியாக மாறினால் ஆச்சரியப்படாதீர்கள்.

இரண்டாவது, இயற்கைச் சாயம் போகும் என்ற கதை. அது விற்பவருக்கு வசதியான கதை. எகிப்தில் பழைய கெய்ரோவின் புஸ்தாத் பகுதியில் குஜராத்தில் அச்சடித்த பருத்தித் துண்டுகள் ஏராளமாகக் கிடைத்தன. ஒக்ஸ்போர்ட் ஆஷ்மோலியன் அருங்காட்சியகத்தில் ஒரு பெரிய தொகுதி இருக்கிறது. பல நூற்றாண்டு மண்ணுக்குள் கிடந்தவை, சிவப்பும் நீலமும் இன்னும் தெரிகின்றன. ஆக, போகிற சாயம் உண்டு, போகாத சாயமும் உண்டு. செடியிலிருந்து வந்தது என்பதால் மட்டும் எதுவும் போய்விடாது.

மூன்றாவது, நீலம் ஏன் வந்தது, சிவப்பு ஏன் வரவில்லை. அது கொஞ்சம் நீளம். பின்னேரம் எழுதுகிறேன், இப்போது கிணற்று மோட்டரைப் பார்க்க ஆள் வந்திருக்கிறார்.

தறிக்குழி:

சேர் வரும்வரை அச்சுப் பற்றி நான் சொல்கிறேன். துணியை விரித்து மேலிருந்து பார்க்காதீர்கள், சாய்த்து ஓரமாகப் பாருங்கள். கட்டை அச்சு என்றால் ஒரு கட்டை முடிந்து அடுத்த கட்டை தொடங்கும் இடம் ஒவ்வொரு சாணுக்கும் தெரியும். எங்காவது கோடு கொஞ்சம் ஏறி நிற்கும், எங்காவது மயிரிழை இடைவெளி இருக்கும். ஸ்கிரீன் அச்சில் அந்த ஒட்டு ஒரு முழத்துக்கு மேல் தள்ளித்தான் வரும், வந்தாலும் நேராக இருக்கும். ஒரு பிழை துணி முழுக்க ஒரே மாதிரித் திரும்பத் திரும்ப வந்தால் அது மெசின்.

அச்சுக்கட்டை:

கடைசி வரியை மட்டும் மறுக்கிறேன் அண்ணை. கட்டையில் ஒரு இதழ் உடைந்திருந்தால் அந்த உடைவு ஒற்றுகிற ஒவ்வொரு தரமும் வரத்தானே செய்யும்? அதனால் ஒரே பிழை திரும்ப வருவது கட்டை அச்சிலும் சகஜம். பார்க்க வேண்டியது ஒட்டுகளை. கட்டை அச்சில் ஒரு ஒட்டுப் போல் மற்ற ஒட்டு இருக்காது. இப்போது டிஜிட்டல் அச்சில் கையச்சின் கோணல்களையும் சேர்த்துப் படமெடுத்து அடிக்கிறார்கள். அதில் கோணலும் ஒரே கோணலாகத் திரும்ப வரும், அங்கேதான் பிடிபடும்.

நான் அகமதாபாத்தில் துணி வடிவமைப்புப் படித்தவள், இப்போது சுன்னாகத்தில். படிக்கும் காலத்தில் குஜராத்தின் கச்சுப் பகுதியில் அஜ்ரக்பூருக்குப் போய் நின்றிருக்கிறேன். அஜ்ரக் அச்சடிப்பவர்கள் கத்ரி சமூகத்தார். முதலில் தமட்கா என்ற ஊரில் இருந்தார்கள். 2001 ஜனவரி பூகம்பத்துக்குப் பிறகு அங்கே தண்ணீர் குறைந்தது, தண்ணீரில் இரும்பும் கூடிவிட்டது. இரும்பு கூடினால் சிவப்பு மங்கிவிடும். அதனால் ஒரு பகுதியார் புஜ்ஜுக்குக் கிட்ட அஜ்ரக்பூர் என்று புது ஊரே அமைத்துக்கொண்டு வந்தார்கள். அதற்கு முன்னின்றவர்களில் ஒருவர் இஸ்மாயில் முகமது கத்ரி. தண்ணீருக்காக ஒரு தொழில் ஊரையே மாற்றியது.

வேலையை நேரில் பார்த்தால்தான் விலை விளங்கும். நீள மேசையில் சாக்கும் பழந்துணியும் அடுக்கடுக்காக விரித்து மெத்தை மாதிரி வைத்திருப்பார்கள். கட்டை தேக்கிலோ சீசம் மரத்திலோ செதுக்கியது. குஜராத்தின் பேத்தாபூர் இந்தச் செதுக்கலுக்குப் பேர்போன ஊர். கட்டைக்குள் சின்னச் சின்னத் துளை விட்டிருப்பார்கள், ஒற்றும்போது காற்று வெளியே போக. சாயத் தட்டில் கட்டையை இரண்டு தரம் மெல்லத் தட்டி எடுத்து, முனைப் புள்ளியை முந்தின அச்சின் புள்ளிக்கு நேரே வைத்து, முட்டியால் ஒரு குத்து. அடுத்தது. கதைத்துக்கொண்டே செய்கிறார்கள், கை மட்டும் பிசகாது. வெள்ளைக் கோடு வரவேண்டிய இடத்தில் முதலில் சுண்ணாம்பும் பசையும் கலந்து ஒற்றுவது, பிறகு கறுப்பு, பிறகு படிகாரப் பசை, அதன் மேல் களிமண் பூச்சு, நீலத் தொட்டி, கழுவல், சிவப்புக் கொதிப்பு, திரும்பவும் நீலம். பத்துக்கு மேற்பட்ட கட்டம். சில துணியில் இரு பக்கமும் ஒற்றுவார்கள்.

மாவிட்டபுரத்தாள்:

நன்றி அக்கா. சாய்த்துப் பார்த்தேன். அஜ்ரக்கில் ஒட்டுகள் ஒவ்வொன்றும் வேறு வேறாகத்தான் இருக்கின்றன. பின்பக்கமும் நிறம் ஊறியிருக்கிறது. மஞ்சளில் ஒட்டே கண்ணில் படவில்லை, பின்பக்கம் வெளிறல். எனக்கே பதில் தெரிந்துவிட்டது போல இருக்கிறது.

பரிசோதனைக்குழாய்:

மோட்டர் சரி. இனி நீலமும் சிவப்பும்.

அவுரி நீலம் தண்ணீரில் கரையாது. அதனால் சாயத் தொட்டியில் அதைப் புளிக்க வைத்து, ஒட்சிசன் நீங்கிய, கரையக்கூடிய நிலைக்குக் கொண்டுவருவார்கள். தென்னிந்தியச் சாயக்காரர் இதற்குத் தகரை விதையை அவித்துப் போட்டார்கள், கூடவே சுண்ணாம்பு. அந்தத் தொட்டியில் துணியை முக்கி எடுத்தால் நீலமாக இருக்காது, மஞ்சட்பச்சையாக இருக்கும். காற்றுப்பட்டுக் கண்முன்னே நீலமாகும். அப்போது நீலம் திரும்பவும் கரையாத துகளாகி நாருக்குள் அகப்பட்டுக்கொள்கிறது. உள்ளே போனது நிற்கும். மேலே ஒட்டியது உரசினால் வரும், முதல் கழுவல்களில் வரும். புது டெனிம் காற்சட்டை காலில் நீலம் பூசுவதும் இதனால்தான். ஆகவே உங்கள் அஜ்ரக் நீலம் கக்கியது குற்றமல்ல. தண்ணீர் போகப்போகத் தெளிந்து வந்தால் சரி, தெளியாமலே இருந்தால்தான் யோசிக்க வேண்டும்.

சிவப்பு வேறு வழி. சாயவேரில் இருக்கும் சிவப்புப் பொருளுக்கு அலிசரின் என்று பேர். மஞ்சிட்டி வேரில் கூடுதலாக இருப்பது அதன் உறவான பர்பியூரின். இவற்றைப் பருத்தியில் சும்மா ஊற்றினால் ஒரு கழுவலில் போய்விடும். துணியை முதலில் கடுக்காய்த் தண்ணீரில் போடுகிறார்கள். ஆந்திரத்தில் அதோடு எருமைப் பாலும் சேர்ப்பார்கள், அந்தக் கொழுப்பு அச்சு பரவாமல் தடுக்கும். பிறகு சிவப்பு வரவேண்டிய இடத்தில் ஒற்றுவது சிவப்பல்ல, படிகாரப் பசை. படிகாரத்துக்கு நிறமில்லாதபடியால் ஒற்றின இடம் தெரிவதற்குக் கொஞ்சம் காவிமண் கலப்பார்கள். கறுப்புக்குக் கறள் இரும்பையும் வெல்லத்தையும் நாட்கணக்கில் புளிக்க வைத்த தண்ணீர். கடுக்காய்த் துணியில் அது பட்டதும் அங்கேயே கறுக்கும். கடைசியில் துணி முழுவதையும் வேர்த் தண்ணீரில் போட்டுக் கொதிக்க வைக்கிறார்கள். படிகாரம் இருந்த இடம் மட்டும் சிவப்பைப் பிடித்துக்கொள்ளும். மற்ற இடத்தில் ஏறின சாயம் கழுவிக் கழுவி வெய்யிலில் போடப் போய்விடும்.

உண்மையில் துணியில் அச்சடிப்பது நிறத்தையல்ல, நிறத்தைப் பிடிக்கிற உப்பை. இது விளங்கினால் கடையில் என்ன கேட்க வேண்டும் என்பதும் விளங்கும். எந்தச் செடி என்று கேட்காதீர்கள், அதற்கு எல்லாரும் அழகாகப் பதில் சொல்வார்கள். படிகாரமா, இரும்பா, எத்தனை கொதிப்பு, கடுக்காய் போட்டதா என்று கேளுங்கள். முழிப்பவர் முழிக்கட்டும்.

தம்பி சும்மா_வந்தவனுக்கு: உப்பும் வினாகிரியும் சாயம் போட்டு முடிந்த பருத்தித் துணியில் சாயத்தை நிறுத்தாது. இரும்புக் கறுப்பு உள்ள துணிக்கு வினாகிரியும் தேசிக்காயும் கெடுதல். புளிப்பு பட்டால் அந்தக் கறுப்பு பழுப்பாகி வெளிறும். சொதி ஊற்றிக்கொண்டு தேசிக்காய் பிழியாதீர்கள்.

சும்மா_வந்தவன்:

சரி சேர். அம்மாவுக்கு யார் சொல்வது என்பதுதான் பிரச்சினை.

வெள்ளவத்தையார்:

எல்லாம் சரி, ஆனால் ஒரு விசயத்தை இங்கே எல்லாரும் மெல்லத் தாண்டுகிறீர்கள். இன்று மசூலிப்பட்டினம் பக்கம், பெடனாவில் அடிக்கிற கலம்காரியில் எவ்வளவு வேரிலிருந்து வருகிறது? பெரும்பாலும் தொழிற்சாலை அலிசரின்தான். அஜ்ரக்கிலும் அதுவே தாராளமாகப் புழங்குகிறது. 1868இல் ஜெர்மனியில் கிறேபேயும் லீபர்மனும் அலிசரினைச் செயற்கையாகச் செய்துவிட்டார்கள், கொஞ்சக் காலத்திலேயே சந்தைக்கும் வந்துவிட்டது. 1897இல் பிஏஎஸ்எப் என்ற ஜெர்மன் இரசாயனக் கம்பனி செயற்கை நீலத்தை விற்கத் தொடங்கியது. அதற்குப் பிறகு வேர் கிண்டவும் அவுரி ஊறவைக்கவும் யாருக்கும் அவசியம் இல்லாமல் போனது. இன்றைக்கு இயற்கைச் சாயம் என்று ஒரு சீட்டைக் கட்டி இரண்டு மடங்கு விலை வைக்கிறார்கள், நாமும் கொடுக்கிறோம்.

பரிசோதனைக்குழாய்:

மறுக்கவில்லை. மூலக்கூறும் ஒன்றேதான். வேரில் அலிசரினோடு வேறு நிறப்பொருட்களும் கொஞ்சம் கலந்திருப்பதால் வேர்ச் சிவப்பு கொஞ்சம் ஆழமாகத் தெரியும், அவ்வளவுதான். கண்ணால் பார்த்து எவரும் அடித்துச் சொல்ல முடியாது. ஆனால் படிகாரம் ஒற்றிக் கொதிக்கவைத்த தொழிற்சாலை அலிசரினை, ரப்பர் பசையில் பிக்மென்ட் என்ற கரையாத நிறத்தூளைக் கலந்து ஸ்கிரீனில் இழுத்த துணியோடு ஒரே தராசில் வைக்காதீர்கள். முதலாவதில் கைவேலை முழுவதும் அப்படியே இருக்கிறது. எனக்கு அந்த விற்பனைச் சீட்டுத்தான் உறுத்தல். அலிசரின் என்று எழுதிவிட்டு அதே விலைக்கு விற்கலாமே, நான் வாங்குவேன்.

அச்சுக்கட்டை:

நானும் வாங்குவேன். ஒரு சின்னத் திருத்தம், கலம்காரி எல்லாம் அச்சு இல்லை. மசூலிப்பட்டினத்தில்தான் கட்டை. ஸ்ரீகாளஹஸ்தியில் மூங்கில் குச்சிக்குத் துணி சுற்றிக் கையால் வரைவது, இராமாயண மகாபாரதக் கதைகள், கோயில் திரைச்சீலைகள். 1950களில் கமலாதேவி சட்டோபாத்யாய் போன்றவர்கள் கைகொடுத்திருக்காவிட்டால் அந்த வேலை அப்போதே முடிந்திருக்கும். தமிழ்நாட்டிலும் கும்பகோணத்துக்குக் கிட்ட சிக்கல்நாயக்கன்பேட்டையில் சில குடும்பங்கள் இன்னும் வரைகின்றன. கோடாலிக் கருப்பூர்ச் சீலை, தஞ்சை மராட்டிய அரச குடும்பத்துக்காக நெய்தது, சரிகையும் மெழுகுத் தடுப்புச் சாயமும் சேர்ந்த வேலை. அந்தச் சீலையை இனி அருங்காட்சியகத்தில்தான் பார்க்கலாம்.

நெடுந்தீவான்:

இந்தியாவை மட்டும் சுற்றிக்கொண்டிருக்கிறீர்கள், காலுக்குக் கீழே இருப்பதைப் பாருங்கள். சேர் சொன்ன சாயவேர், சிலர் இம்பூறல் என்பார்கள், நம்முடைய தீவுகளிலும் மன்னாரிலும் மணல் தரையில் தானாக முளைக்கிற செடி. சாண் உயரம், வெள்ளைப் பூ, பார்த்தால் களை. வேர் மட்டும் செடிக்குச் சம்பந்தமில்லாத நீளம். நூல் மாதிரி மெல்லிய வேர், சுரண்டினால் செம்மஞ்சள்.

1658இல் ஒல்லாந்தர் யாழ்ப்பாணத்தைப் பிடித்த பிறகு சாயவேர் அவர்களுடைய கிழக்கிந்தியக் கும்பனியின் தனியுரிமை. வேர் கிண்டும் குடிகள் கிண்டியதைக் கும்பனிக்குத்தான் கொடுக்க வேண்டும். யாழ்ப்பாணக் கொமாண்டராக இருந்த ஸ்வார்டெக்ரூன் 1697இல் தனக்குப் பின் வருபவர்களுக்கு எழுதிவைத்த குறிப்பில் யானை, புகையிலை, சங்கு எல்லாவற்றோடும் சாயவேரையும் எழுதியிருக்கிறார். யானைக்கும் சங்குக்கும் சமமாக நம்முடைய களைச் செடி நின்றது!

அந்தக் காலத்தில் சோழமண்டலக் கரைத் துணிக்கு ஐரோப்பாவில் பைத்தியம் பிடித்திருந்தது. தோய்க்கத் தோய்க்கப் போகாத சிவப்பை அதற்கு முன் அவர்கள் பருத்தியில் கண்டதில்லை. தங்கள் நெசவாளர் கூச்சல் போட்டதால் பிரான்ஸ் 1686இல் தடை போட்டது, 1759 வரை எடுக்கவில்லை. இங்கிலாந்து 1700இல் அச்சுத் துணி இறக்குமதியைத் தடுத்தது, போதாதென்று 1721இல் உடுத்தவே கூடாது என்றது. அந்தச் சிவப்புக்குக் காரணம் இந்த வேர். நம்முடைய பிள்ளைகளுக்கு இது தெரியாது. சாயவேர்த் தோட்டம் போட்டு, இங்கேயே அச்சடித்து, யாழ்ப்பாணச் சிவப்பு என்று விற்க முடியாதா?

தறிக்குழி:

உணர்ச்சிவசப்படாதீர்கள் அண்ணை. அந்தச் செடி முற்றிச் சாயத்துக்கு ஆக இரண்டு வருடமளவு வேண்டும். பிறகு வேரோடு பிடுங்க வேண்டும், வெட்டினால் தழைக்கிற கீரை இல்லை. ஒரு சீலைக்கு எவ்வளவு வேர் போகும் என்று யோசியுங்கள். தோட்டக்காரர் அந்த நிலத்தில் வெங்காயமும் புகையிலையும் போட்டு எத்தனை போகம் எடுத்துவிடுவார்? தானாக முளைப்பதைக் கிண்டலாம் என்றால் கடற்கரை மணலைப் பிடித்து வைத்திருப்பதே இந்த மாதிரிச் செடிகள்தான். ஏற்கெனவே மணல் ஏற்றுகிற லொறிகள் போதாதா? அந்தக் காலத்தில் வேர் கிண்டினவர்கள் விரும்பியா கிண்டினார்கள்? யானையோடு சமமாக நின்றது செடிதான், கிண்டின சனம் இல்லை.

நெடுந்தீவான்:

கடைசி வரிக்கு மறுபேச்சில்லை தம்பி. ஆனால் ஆசைக்கு ஒரு வேலி ஓரம் நட்டுப் பார்ப்பதில் என்ன நட்டம்?

தறிக்குழி:

வேலி ஓரம் நடுங்கள். விதை எடுத்தால் எனக்கும் தாருங்கள்.

கோப்பாய்த்தையல்:

இந்தப் பக்கம் பெண்கள் சிலர் சேர்ந்து வெள்ளைப் பருத்தியில் சாயம் போட்டு, தலையணை உறையும் கைப்பையும் தைக்கிறோம். பெரிய கலை இல்லை. செய்து பார்த்ததில் தெரிந்ததைச் சொல்கிறேன்.

எங்கள் ஊர்க் கிணற்றுத் தண்ணீர் சுண்ணாம்புத் தண்ணீர். சவர்க்காரம் நுரைக்காது என்று எல்லாரும் திட்டுவோம், ஆனால் சிவப்புக்கு இது நல்லது. மஞ்சிட்டியை இந்தத் தண்ணீரில் கொதிக்கவிட்டால், மழைத் தண்ணீரில் கொதிக்கவிட்டதைவிட நல்ல இரத்தச் சிவப்பு வருகிறது. ஏனென்று சேர்தான் சொல்ல வேண்டும். கரையோரக் கிணறுகளில் உப்புத் தண்ணீர் என்றால் சரிவராது.

நாங்கள் போடுகிற அளவு: துணியை உலர்வாக நிறுத்து, 1 கிலோ துணிக்கு 150 முதல் 200 கிராம் கடுக்காய்த் தூள். ஊறி எடுத்து, பிழிந்து, அலம்பாமல் நிழலில் காயவிடுவது. பிறகு அதே அளவு படிகாரம் வெந்நீரில் கரைத்து ஒரு இரவு. அதன் பிறகுதான் சாயம். கடுக்காயில்லாமல் நேரே படிகாரம் போட்டால் பருத்தி சரியாகப் பிடிக்காது. பட்டுக்கும் கம்பளிக்கும் வேண்டுமானால் அப்படிப் போடலாம்.

நிறங்கள் எப்படியென்றால், மாதுளம் தோல் நல்ல நிலையான மஞ்சள். திருநெல்வேலிச் சந்தையில் வெங்காயத் தோல் சும்மா அள்ளலாம், பொன் நிறத்திலிருந்து செம்பழுப்புவரை வரும், மாதுளையளவு நிற்காது. தேங்காய்ப் பொச்சும் தேயிலையும் பழுப்பு. நுணா வேர்ப்பட்டை சிவப்புப் பழுப்பு, ஆனால் வேருக்காக மரத்தை வெட்ட மனமில்லை, வீடு கட்ட அத்திவாரம் வெட்டும்போது கிடைத்தால் எடுப்போம். பீட்ரூட், செம்பரத்தம்பூ, நாவற்பழம் மூன்றையும் யாராவது இணையத்தில் பார்த்துவிட்டுக் கேட்டால் நான் சிரித்துவிட்டுப் போவேன். பானையில் கொள்ளை அழகு, கொடியில் காய முன்னே பாதி போய்விடும்.

இன்னொன்று. கடுக்காய் போட்ட துணியைக் கறள் கம்பியில் மட்டும் காயப்போடாதீர்கள். கம்பி பட்ட இடம் குறுக்கே கறுப்புக் கோடாக விழும், எந்தச் சவர்க்காரத்துக்கும் அசையாது. கறள் ஆணியை ஈரத் துணியில் வைத்து எடுத்தால் ஆணித் தலை அப்படியே கறுப்பு வட்டமாகப் பதியும். எங்களில் ஒருவர் அதையே பூவாக அடுக்கி ஒரு பை செய்தார், அதுதான் முதலில் விற்றது.

பரிசோதனைக்குழாய்:

பிள்ளை, அளவோடு எழுதினதற்கு நன்றி. காரணம் கல்சியம். துணியில் நிற்கிற சிவப்பு அலிசரின் வகைச் சாயமும் அலுமினியமும் மட்டும் சேர்ந்ததல்ல, கல்சியமும் சேர்ந்த கூட்டு. தண்ணீரில் அது இல்லையென்றால் சாயக்காரர்கள் சுண்ணாம்புத்தூள் கொஞ்சம் போடுவார்கள். சிப்பிச் சுண்ணாம்பு கலந்த கரையோர மணலில் வளர்ந்த சாயவேருக்கு அந்தக் காலத்தில் மதிப்புக் கூட. நம்முடைய குடாநாடே சுண்ணாம்புக் கல்லின் மேல்தான் நிற்கிறது. கிணறு வெட்டின எவருக்கும் சொல்லத் தேவையில்லை.

இரும்பில் ஒரு எச்சரிக்கை. இரும்புக் கறுப்பு நாளடைவில் பருத்தியை அரிக்கும். பழைய கலம்காரிகளில் கறுப்புக் கோடு ஓடின இடம் மட்டும் நூல் கொட்டியிருப்பதைக் காணலாம். பைக்குப் பரவாயில்லை, பேத்திக்கு வைக்கிற சீலைக்கு அளவாகப் போடுங்கள்.

வெள்ளவத்தையார்:

இயற்கை என்றாலே சுற்றாடலுக்கு நல்லது என்பதும் அரைக் கதைதான். மயில்துத்தம் என்ற செப்பு உப்பு, குரோமிய உப்பு போட்டு நிறம் எடுப்பவர்களும் அதே சீட்டைத்தான் கட்டுகிறார்கள். அந்தக் கழிவு கிணற்றில் சேர்ந்தால் என்ன ஆகும்? நமக்கு ஆறு இல்லை, நிலத்தடித் தண்ணீர் ஒன்றுதான்.

கோப்பாய்த்தையல்:

நாங்கள் படிகாரமும் இரும்பும் தவிர வேறொன்றும் தொடுவதில்லை ஐயா. மயில்துத்தம் போட்டால் நல்ல பச்சை வரும் என்று தெரியும், வேண்டாம் என்று விட்டிருக்கிறோம். மிச்சச் சாயத் தண்ணீரைத் திரும்பத் திரும்ப வெளிர் நிறத்துக்குப் பாவித்து, கடைசியில் தென்னைக்கு ஊற்றுவோம். கிணற்றடியில் ஊற்றுவதில்லை.

மாவிட்டபுரத்தாள்:

எல்லாருக்கும் நன்றி. அஜ்ரக்கை நாலு தரம் அலசினேன், தண்ணீர் கிட்டத்தட்டத் தெளிந்துவிட்டது. சேர் சொன்ன தேசிக்காய்ச் சோதனையை உள்மடிப்பு ஓரத்தில் ஒரு ஊசிமுனையளவு கறுப்பில் செய்தேன். பழுப்பாகிவிட்டது. ஆக, இரும்புக் கறுப்புத்தான். மனம் ஆறியது. பஞ்சாபி தைக்கக் கொடுக்கிறேன். இனித் தோய்ப்பது எப்படி?

மஞ்சளை என்ன செய்வது என்றும் சொல்லுங்கள். திருப்பிக் கொடுத்தால் எடுக்கமாட்டார்கள்.

அச்சுக்கட்டை:

முதல் சில தரம் தனியாக, குளிர்த் தண்ணீரில், ஊறப்போடாமல். சவர்க்காரத்துக்குப் பதிலாகப் பூந்திக்கொட்டை கிடைத்தால் நல்லது, இல்லையென்றால் மென்மையான திரவச் சவர்க்காரம். பிளீச் வாசமே படக்கூடாது. மறுபக்கம் புரட்டி நிழலில் காயப்போடுங்கள். தைப்பவரிடம் உள்ளுக்கு வெள்ளை லைனிங் வேண்டாம், கடுநீலமோ கறுப்போ போடச் சொல்லுங்கள். வேர்வையில் கொஞ்ச நாளைக்கு நீலம் உரசும்.

கோப்பாய்த்தையல்:

மஞ்சளை மாதுளம் தோலில் திரும்பச் சாயம் போடலாம். முதலில் அதில் உள்ள மஞ்சளைச் சவர்க்காரத் தண்ணீரிலும் வெய்யிலிலும் போகிற அளவுக்குப் போகவிட்டு, பிறகு கடுக்காய், படிகாரம், மாதுளை. முடிவில் ஒரு துளி இரும்புத் தண்ணீர் விட்டால் முழுத் துணியும் ஒலிவ் பச்சைக்குப் போகும். கொடி வடிவம் மங்கலாகத்தான் தெரியும், முந்தின மாதிரி எடுப்பாக இருக்காது. இரண்டு மீற்றர் என்றால் ஒரு கிழமைக்குள் செய்து தரலாம், மாதுளம் தோல் மட்டும் நீங்கள் சேர்த்துக்கொண்டு வாருங்கள். காய்ந்த தோல் 1 கிலோ போதும்.

மாவிட்டபுரத்தாள்:

இரண்டரை மீற்றர். தோலுக்குப் பழக்கடைக்காரர் ஒருவரிடம் இன்றே சொல்லிவைக்கிறேன் அக்கா. தனிமடலில் இலக்கம் அனுப்புகிறேன்.

சும்மா_வந்தவன்:

தோல் உங்களுக்கு என்றால் பழம் யாருக்கு?